பரிசேயன் பொய் சொல்லல

பைபிள்ல லூக்கா 18ல இயேசு சொல்ற பரிசேயன் கதைய சண்டே ஸ்கூல்ல இருந்தே கேக்குறோம். ரெண்டு பேர் தேவாலயத்துல ஜெபம் பண்றாங்க, ஒருத்தன் பரிசேயன் (மதச் சட்டத்த கறாரா கடைபிடிக்கிற யூதக் கூட்டத்தச் சேந்தவன்), இன்னொருத்தன் ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்). பரிசேயன் "நான் மத்தவங்க மாதிரியோ இந்த ஆயக்காரன் மாதிரியோ இல்ல, ஸ்தோத்திரம்"னு ஜெபிச்சு தன் உபவாசத்தையும் காணிக்கையையும் அடுக்குறான். அவன் வில்லன், ஆயக்காரன் நல்லவன், அதோட முடிச்சிடுவாங்க. ஆனா நிதானமா படிச்சா அவன் தன்னப்பத்தி சொன்னதுல பொய்னு எதையும் இயேசு சொல்லவே இல்ல. நியாயப்பிரமாணத்துல (மோசே குடுத்த சட்டம்) கட்டாய உபவாசம்னா வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவாரண நாள் மட்டும்தான், இவன் வாரத்துக்கு 2 நாள் இருக்கான், வர்ற எல்லாத்துலயும் தசமபாகம் (பத்துல ஒரு பங்கு காணிக்கை) வேற. இப்படி ஒருத்தர் நம்ம சர்ச்சுல இருந்தா கமிட்டில சேத்து பொன்னாடை போத்தியிருப்போம் (நெஜமாதான்!).

ஆயக்காரன் மட்டும் லேசுப்பட்ட ஆளா? ரோமாக்காரன் ஆட்சிக்கு சொந்த ஜனங்ககிட்டயே வரி பிடுங்குறவன். தூரமா நின்னு, வானத்த ஏறெடுத்துக்கூட பாக்காம, மார்ல அடிச்சிக்கிட்டு பாவியாகிய என்மேல கிருபையாயிரும்னு ஒரே ஒரு வரி, இனிமே ஒழுங்கா இருக்கேன்னு ஒரு பேரம்கூட பேசல. அவன்தான் நீதிமானாக்கப்பட்டு, அதாவது நீதிமான்னு தேவனே ஏத்துக்கிட்டு, வீட்டுக்குப் போனான்னு இயேசு சொல்றார். தன்னால ஆனதில்ல, தேவன் ஆக்கினது.

இதக் கேட்டுட்டு "நல்லவேளை, நான் அந்தப் பரிசேயன் மாதிரி இல்ல, ஸ்தோத்திரம்"னு நெனச்சா அதுவும் அதே ஜெபம்தான், என்ன பண்றது.

இயேசுவோட அப்போஸ்தலன் பவுலும் பரிசேயன்தான். பிலிப்பியருக்கு எழுதின கடிதம் 3ம் அதிகாரத்துல பென்யமீன் கோத்திரம், 8ம் நாள் விருத்தசேதனம்னு தன்னோட யூதப் பெருமைய பெருசா லிஸ்ட் போட்டுட்டு எல்லாத்தையும் குப்பைன்னு தள்றார், சுயநீதி வேணாம், கிறிஸ்துவ விசுவாசிக்கிறதால வர்ற நீதி போதும்ங்கிறார். அந்த லிஸ்ட்ல முன்னாடி அவர் கிறிஸ்தவ சபைய துன்பப்படுத்துனதுகூட பக்திவைராக்கியம்ங்கிற கணக்குலதான் இருக்கு.