பலாப் பலகையில் சாப்பாட்டு மேசை: இரண்டு தரம் பூட்டிய கதை

தச்சுப் பயிற்சியின் கடைசிச் செய்முறை வேலைக்கு நான் எடுத்தது 5 அடிக்கு 3 அடி, 30 அங்குல உயரத்தில் ஒரு சாப்பாட்டு மேசை. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் மாமா வீட்டு வளவில் ஒரு பலா மார்கழி மழையில் வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது. மரம் சும்மா கிடைக்கிறதே என்று சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசம் மூன்று நாள் கூட நிற்கவில்லை.

சொந்த வளவில் நின்றாலும் பலாவை நினைத்தபடி தறிக்க முடியாது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். மாமா கையெழுத்து வைத்த கடிதத்தோடு அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போனேன். காணி உறுதிக் கொப்பி கேட்டார்கள். அடுத்த நாள் அதைக் கொண்டுபோனால், உறுதி மாமியின் பெயரில் இருக்கிறது, மாமா எப்படிக் கேட்கலாம் என்றார் அங்கே இருந்த எழுதுவினைஞர். நம்ம பக்கம் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குத்தானே எழுதுவது, அது அவருக்குத் தெரியாததா? முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "மறுகா வாங்க தம்பி" என்று கடிதத்தைத் திருப்பித் தந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியின் கையெழுத்து, கிராம சேவையாளரின் கடிதம் என்று எல்லாம் சேர்த்து அனுமதி கைக்கு வர நாலு பயணம் போயிற்று.

அதோடு முடிந்தது என்று லொறிக்குச் சொல்லிவிட்டேன். நல்ல காலம், லொறிக்காரரே கேட்டார்: "ஏத்துறதுக்குப் பேமிட் எங்க?" தறிக்கிற அனுமதி வேறு, மரத்தை ஏற்றிக்கொண்டு போகிற அனுமதி வேறு. இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்கும் ஒரு கிழமை. நீங்கள் போனால் முதல் நாளே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

மர ஆலையில் ஒன்றேகால் அங்குலப் பலகையாக அரிந்து எடுத்தோம். அங்கே வேலை செய்த வயதானவர் வெட்டு முகத்தைத் தடவிப் பார்த்து, "மனே, இது இன்னும் பச்சை. ஒரு அங்குலத்துக்கு ஒரு வருசம் காயணும்" என்றார். எனக்கோ ஆடியில் மதிப்பீடு. பலகைகளுக்கு இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்கி, இரண்டே மாதத்தில் எடுத்துவிட்டேன்.

கால், கால்களை இணைக்கும் சட்டம், துளைக்குள் செருகும் கழுந்து, துளை எல்லாம் பிரச்சினை இல்லாமல் வந்தன. வெளிறிய வெளிமரத்தை முழுதாகச் சீவித் தள்ளினேன், பூச்சி முதலில் அதைத்தான் பிடிக்கும். நாலு பலகையைப் பைண்டர் கம் என்கிற மரப் பசை போட்டு ஒட்டி, கிளாம்ப் இறுக்கி, மேற்பலகை ஆக்கினேன். பிழை விட்டது அதற்குப் பிறகுதான். அழகுக்காக இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு பட்டியை முழு நீளத்துக்கும் கம் போட்டு ஒட்டினேன். சட்டத்தோடும் சுற்றிவர இறுக்கித் திருகாணி அடித்தேன்.

ஆனியில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் பட்டறைக்குள் போனால் மேசையின் நடுவே 2 அடி நீளத்துக்கு வெடிப்பு, ஒரு ரூபாய்க் குற்றி நுழையும் அளவு. கை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மதிப்பீட்டுக்கு 19 நாள்.

பயிற்சி தந்த சேர் ஏசவில்லை. காரணத்தைக் காட்டித் தந்தார். மரம் காயும்போது அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம். மேற்பலகை அகலத்தில் சுருங்கப் பார்த்திருக்கிறது. குறுக்கே ஒட்டிய பட்டி அசையாமல் பிடித்துக்கொண்டது. திருகாணியும் விடவில்லை. வெடிக்காமல் என்ன செய்யும்?

பட்டிகளை வெட்டி எறிந்தேன். வெடிப்பு வழியே அரிந்து, இரண்டு விளிம்பையும் சீவுளியால் நேராக்கித் திரும்ப ஒட்டினேன். அகலத்தில் அரை அங்குலம் போயிற்று. அப்புறம் குறுக்குச் சட்டங்களின் நடுவில் மட்டும் ஒவ்வொரு திருகாணியை இறுக்கினேன். மற்றத் துளைகள் எல்லாவற்றையும் மேசையின் அகலப் பக்கமாக நீட்டி, திருகாணி நகர இடம் விட்டேன். நீளச் சட்டத்தில் எல்லாத் துளைகளையும் அப்படியே நீட்டினேன். இதற்கு இரண்டு நாள்தான் எடுத்தது. முதலிலேயே செய்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும்.

மதிப்பீட்டுக்கு வந்தவர் மேலே ஒரு தரம் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு மேசையைக் கவிழ்க்கச் சொன்னார். நீளத் துளை ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்து, "இத யார் சொல்லித் தந்த?" என்று கேட்டார். வெடித்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். பாஸ்.

மேசை இப்போது மாமி வீட்டில் இருக்கிறது. மஞ்சள் நிறம் மெல்ல மண்ணிறமாகி வருகிறது. அடுத்த மார்கழி மழைக்குள் போய் அளந்து பார்த்தேன். அகலம் 4 மில்லிமீற்றர் கூடியிருந்தது. ஒட்டிய இடத்தில் ஒரு கோடு கூட இல்லை.