பாதை 6 அடியா, 10 அடியா? கூத்தப்பாக்கம் மனைக்குப் பிளான் வாங்கிய அனுபவம்

பிளான் அப்ரூவல் போன வாரம்தான் கைக்கு வந்தது. ஐந்து மாத அலைச்சலில் பாதிக்கு மேல் ஒரே ஒரு வரியால். கிரயப் பத்திரத்தில் சொத்து விவரத்தின் கடைசியில் "கீழ்புறப் பாதையில் பின்மனைக்காரருக்குள்ள வழிநடை பாத்தியத்துக்கு உட்பட்டது" என்று இருந்தது. அதாவது பின்னால் உள்ள மனைக்காரர் எங்கள் மனையின் கிழக்கோரமாக நடந்துபோகலாம். பாதையின் அகலம் போடவில்லை. வாங்கும்போது படித்தேன், உறுத்தவில்லை.

மனை 40க்கு 60, 2400 சதுர அடி. பட்டா முழுசும் எங்கள் பேரில்தான், சர்வே வரைபடமான புலப்படத்தில் பாதையே இல்லை. ஆள் நடக்கும் தடம் 6 அடி இருக்கும், அங்கே எப்படியும் கட்டப்போவதில்லை, அதையே கிழக்குப் பக்க செட்பேக்காக (வீட்டைச் சுற்றிக் காலியாக விடவேண்டிய இடமாக) காட்டி மேற்கே 5 அடி விட்டால் வீடு 29 அடி அகலம் வரும் என்று கணக்குப் போட்டு இன்ஜினியரும் வரைந்து கொடுத்துவிட்டார்.

பிளான் அப்ரூவல் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். "சார், அடுத்தவங்க நடக்குற இடத்தை செட்பேக்னு காட்ட முடியாது. பாதையைக் கழிச்சிட்டு அதோட ஓரத்துலேருந்து 5 அடி விடுங்க." மனைப் பரப்பையும் பாதையைக் கழித்துத்தான் எடுத்தார்கள். எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்பதால் அது எங்களை இடிக்கவில்லை, நாங்கள் கட்டுவது இரண்டு தளமும் சேர்த்தே 2500 சதுர அடிக்குள்தான். இடித்தது அகலம். 29 அடி 24 ஆனது.

சரி என்று மாற்றி வரைந்து கொண்டுபோனால், அடுத்த குண்டு. பின்மனைப் பத்திர நகலில் பாதை 10 அடி என்று இருக்கிறதாம், அதையே எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அப்படியானால் வீடு 20 அடி. அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வக்கீல்தான் தாய்ப்பத்திரத்தை, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்தை, தேடச் சொன்னார். நாங்கள் வாங்கும்போது 30 வருஷத்துக்கு மட்டும் வில்லங்கச் சான்று (சொத்தின் பதிவுகளின் பட்டியல்) போட்டிருந்தோம், பெரிய தப்பு. 1975லிருந்து போட்டதும் 1988ல் பதிவான ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தது. நகல் வாங்க ஒரு நாள் லீவு போட்டுப் போனால், அந்த ஊர் அப்போது வேறு சார்பதிவகத்தில் இருந்தது, அங்கே போங்கள் என்று மதியம் மூன்று மணிக்குச் சொல்கிறார்கள். காலையிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் போகும் முன் ஆவண எண்ணோடு எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதையும் வில்லங்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நகலில் தெளிவாக இருந்தது: பாதை "தென்வடல் 60 அடி, கிழமேல் 6 அடி". பாகப்பிரிவினையில் கொடுத்ததற்கு மேல் பின்னால் வந்த கிரயத்தில் பின்மனைக்காரர்கள் தாங்களாக எழுதிக்கொள்ள முடியாது என்று வக்கீல் கடிதம் கொடுத்தார், ஏற்றுக்கொண்டார்கள். படியிறங்கும்போது அழுகையே வந்துவிட்டது.

பின்மனை அம்மாவுக்கு இப்போது அந்தப் பக்கமே தெரு வந்துவிட்டது. அதனால் பாதை உரிமை போய்விடும் என்று மச்சான் சொன்னார். அப்படி இல்லை. வேறு வழியே இல்லாததால் கிடைத்த உரிமைதான் 1882ஆம் வருஷ ஈஸ்மெண்ட் (அடுத்தவர் நிலத்தில் உள்ள வழி போன்ற உரிமைகள்) சட்டப்படி தேவை தீர்ந்ததும் போகும், இது பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது. உரிமையை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரும்படி அந்த அம்மாவைக் கேட்டுப் பார்த்தோம். "இருக்கட்டும் தம்பி, நாளைக்குப் பசங்க கேப்பாங்க" என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கிங், வீட்டின் அளவைத் தரையில் குறிக்கப்போகிறோம். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன், 6 அடியை அவர் முன்னாலேயே அளந்து கல் நடப்போகிறோம்.