எச்சில் இலைகளை எண்ணிய எட்டு மாதங்கள்

2022 பிப்ரவரியில், 39ஆம் வயதில், சென்னை கிண்டியில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையை விட்டேன். அங்கே 14 ஆண்டுகள் இருந்தேன். உணவுத் தொழிலுக்குப் போகிறேன் என்று சொன்னதும், கேட்டவர்கள் எல்லோரும் "கடை எங்கே?" என்றுதான் விசாரித்தார்கள். கடை போடுவதற்கு முன் அந்தத் தொழிலில் கூலிக்கு நின்று பார்க்க வேண்டும் என்று நான் நினைத்தது என் மாமனாருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் இரண்டு மாதங்களை நான் வீணடித்தேன். தன்விவரக் குறிப்பை அழகாக அச்சடித்துக்கொண்டு ஐந்தாறு ஓட்டல்களின் அலுவலகங்களில் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் கேட்டரிங் படிப்பு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கணக்குப் பிரிவில் சேர்கிறீர்களா என்றார்கள். தரமணியில் உள்ள ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டவேண்டிய ஒருவனுக்கு ஆகக்கூடியது அன்று. கடைசியில் கதவைத் திறந்தது அந்தத் தன்விவரக் குறிப்பு அன்று. உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்தி முடிந்தபின், மேற்கு மாம்பலத்தைச் சேர்ந்த சமையல் ஒப்பந்தக்காரரிடம் நேராகப் போய், எந்த வேலையானாலும் செய்கிறேன் என்றேன். அறுபது வயதைத் தாண்டிய அந்த மாஸ்டர் என் கைகளைப் பார்த்தார். "நாளைக்கு விடியக்காலம் மூணு மணிக்கு வாங்க சார், பார்ப்போம்" என்றார்.

நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி. பாத்திரம் கழுவுவதும் வெங்காயம் உரிப்பதும் வேலை. உடல் பழக ஏழு வாரம் பிடித்தது. கோட்டை அடுப்பின் அனலைவிட, எட்டு மணி நேரம் ஈரத்தரையில் நிற்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. கூடவே, "சார்" என்ற அந்த அழைப்பும் உறுத்தியது. எனக்குப் பாதி வயதே ஆன பையன்கள்கூட "சார், அந்த அண்டாவை நகர்த்துங்க" என்பார்கள். மரியாதைபோல் இருந்தாலும், நீ இங்கே நிலைக்க மாட்டாய் என்பதுதான் அதன் பொருள்.

வீட்டில் நான் நன்றாகச் சமைப்பவன். அந்த அறிவு அங்கே பெரும்பாலும் இடைஞ்சலாகவே இருந்தது. நான்கு பேருக்கான அளவை 25ஆல் பெருக்கினால் நூறு பேருக்கு வந்துவிடும் என்று நம்பினேன். பெரிய அண்டாவில், குழம்பின் அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு. ஆகவே நீர் அவ்வளவாக வற்றுவதில்லை, பெருக்கி ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கும். அடுப்பை அணைத்த பிறகும் அண்டாவின் சூடு வெகுநேரம் இறங்காது என்பதால், காய்களை முக்கால் வேக்காட்டிலேயே நிறுத்தாவிட்டால் மூன்றாம் பந்திக்கு முருங்கைக்காய் நாராகத்தான் போகும். மாஸ்டர் இவற்றை விளக்கிச் சொன்னதே இல்லை. எப்போது தீயைக் குறைக்கிறார், எதை எந்த வரிசையில் போடுகிறார் என்று பார்த்து, இரவு வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன்.

அந்தக் குறிப்பேடுதான் என்னை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது. இலைகளை எடுத்துப் போடும் வேலை வந்தபோது, எந்தப் பந்தியில் எந்தப் பதார்த்தம் மீந்து வருகிறது என்று எண்ணத் தொடங்கினேன். பழைய அலுவலகப் பழக்கம், வேறொன்றுமில்லை. இருபது திருமணங்களுக்குப் பின் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இரண்டாவது இனிப்பை ஏறத்தாழ மூன்றில் ஓர் இலையில் தொடாமலே மூடிவிடுகிறார்கள், உருளைக்கிழங்குக் கறியோ ஒரு துண்டுகூட மிஞ்சுவதில்லை. இலைக்கு இவ்வளவு என்று விலை பேசும் தொழிலில் இது நேரடியாகப் பணம். தயங்கித் தயங்கி மாஸ்டரிடம் காட்டினேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ஏன் தம்பி, இதை இத்தனை நாளா சொல்லல?" என்றார். அன்று முதல் "சார்" போயிற்று. அடுத்த வாரமே சாமான் பட்டியல் எழுத என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கோயம்பேடு காய்கறிச் சந்தைக்கும் அழைத்துப் போனார். சின்ன வெங்காயத்தை மூட்டை விலையில் மலிவாக வாங்கிவிட்டு, தோலும் அழுகலும் போக மிஞ்சிய எடையைப் பார்த்தால் விலையுயர்ந்த மூட்டையே லாபம் என்பதை நான் கற்றது அங்கேதான்.

எட்டு மாதத்துக்குப் பிறகு, சொந்தமாக இட்லி மாவு ஆட்டி விற்பதென்று முடிவு செய்தேன். திருமணச் சமையலுக்குத் தேவையான ஆள்பலம் என்னிடம் இல்லை. மாவுக்கு இரண்டு பேர் போதும். பதிவு செய்வது எல்லோரும் அச்சுறுத்திய அளவுக்குக் கடினமாக இல்லை. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்ததால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி அடிப்படைப் பதிவு பெற்றேன். அந்த 14 இலக்க எண் வந்த பிறகே பொட்டல அச்சுக்குக் கொடுத்தேன்.

கடன்தான் இழுத்தடித்தது. குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் அப்போது 35 விழுக்காடு மானியம் இருந்தது, உச்சவரம்பு 10 லட்சம். கிண்டியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் வழிகாட்டினார்கள். ஆனால் நான் அணுகிய முதல் வங்கிக் கிளையில், உணவுத் தொழிலில் அனுபவம் இருப்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். கூலிக்குப் பாத்திரம் கழுவியதற்கு யார் சான்று தருவார்கள்? மாஸ்டர் தம் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கைப்பட எழுதிக் கொடுத்ததையும், உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழையும் இணைத்து வேறொரு வங்கியில் கொடுத்தபின் கடன் கிடைத்தது. மானியம் கையில் வரும் பணம் அன்று என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். அது கடன் கணக்கோடு சேர்த்து வைக்கப்பட்டு, மூன்றாண்டுகள் தவணை ஒழுங்காகக் கட்டினால்தான் கழிக்கப்படும். தொடக்கத்தில் முழுக் கடனுக்கும் தவணை கட்டும் அளவுக்கு வருமானம் வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்குவது ஆபத்து.

2023 மே மாதம், முதல் கோடை. மளிகைக் கடையில் வைத்த 40 பொட்டலங்களில் பாதிக்குமேல் பலூன்போல் உப்பிவிட்டன. இரண்டு வெடித்து, கடைக்காரரின் சோப்பு அடுக்கெல்லாம் மாவு. டிசம்பரில் இரவு முழுவதும் எடுத்துக்கொண்ட புளிப்பு, சென்னை வெயிலில் ஐந்து மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. அதில் உண்டாகும் கரியமில வாயுதான் பொட்டலத்தை உப்ப வைக்கிறது. கிரைண்டரிலேயே மாவு சூடாகிவிடுவதுதான் தொடக்கப் புள்ளி என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. இப்போது உளுந்துக்கு ஐஸ் தண்ணீர்தான் விடுகிறேன். ஆட்டிய உடனே, புளிக்கும் முன்பே, அடைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்து, புளிக்க வைக்கும் வேலையை வாங்குபவர் வீட்டுக்கே விட்டுவிட்டேன். பகலில் குளிர்பெட்டியை அணைத்து வைக்கும் கடைகளுக்கு மாவு கொடுப்பதையும் நிறுத்தினேன். அதனால் மூன்று கடைகள் போயின.

வருமானம் இன்னும் பழைய சம்பளத்தை எட்டவில்லை. மனைவியின் சம்பளம் இல்லாவிட்டால் அந்த முதல் ஆண்டைத் தாண்டியிருக்க முடியாது. நாள்தோறும் எத்தனை பொட்டலம் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று அதே குறிப்பேட்டில்தான் எழுதுகிறேன். முகூர்த்த நாள்களில் மாஸ்டருக்கும் 30 கிலோ மாவு போகிறது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் பேரம் பேசுகிறார், நானும் ஒவ்வொரு முறையும் மறுக்கிறேன்.