உளுந்து விதைத்த விகாரை

பௌர்ணமிக்கு அனுராதபுரம் போகிறவர்கள் பையில் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பகல் பதினொரு மணிக்கு அந்த மணலும் கல்லும் காய்கிற காய்ச்சலில் யாருக்கும் நடை தானாக வேகம் பிடிக்கும். வெள்ளை உடுத்த கிழவிகள் தட்டு நிறைய நீலோற்பலம் ஏந்தி நிதானமாக நடக்க, நான் மட்டும் தீமிதியில் இறங்கியவனைப் போல் ஓடினேன்.

முதலில் ஸ்ரீ மகாபோதி. அசோகரின் மகள் சங்கமித்தை கயாவிலிருந்து கொண்டுவந்த கிளை இங்கே மரமாகி நிற்கிறது. வயதான கொப்புகளைப் பொன் பூசிய முட்டுக்கால்கள் தாங்குகின்றன. உள்ளே விடுமுன் பையைச் சோதித்தார்கள். 1985 மே 14 அன்று இந்த ஊரில் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றவர்களில் இங்கே கும்பிட வந்தவர்களும் உண்டு. காவலர் எந்த ஊர் என்று கேட்டபோது, நாகப்பட்டினம் என்று சொன்ன என் குரல் சற்று இறங்கித்தான் இருந்தது. அவர் சிரித்தபடி கையசைத்து அனுப்பிவிட்டார்.

நான் தேடி வந்த சண்டை அதைவிட மிகப் பழையது. பிக்குகளுக்கும் பிக்குகளுக்கும் நடந்தது. அதிலும் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார்.

மரத்தடியிலிருந்து சிறிது தூரத்தில் லோகப்பிரசாதம். வரிசைக்கு நாற்பதாக 1,600 கல் தூண்கள், அவை தாங்கிய மாடிகள் இப்போது இல்லை. மகாவிகாரையின் பெருமாளிகை நின்ற இடம் இது. அந்த மடம் பழைய பாலி மரபைத் தவிர வேறெதையும் ஏற்காது. வடக்கே இருந்த அபயகிரி மடம், பௌத்தத்தின் பிற்காலப் பிரிவான மகாயானத்துக்கும் கதவைத் திறந்து வைத்தது. மகாயானத்தின் புது நூல்களுக்கு 'வைதுல்யம்' என்று பெயரிட்டு, புத்தர் வாக்கே அல்ல என்று தள்ளியது மகாவிகாரை. மன்னன் கோதாபயன் அதன் பேச்சைக் கேட்டு, அபயகிரியின் அறுபது பிக்குகளைப் பிடித்து மறுகரைக்கு நாடு கடத்தினான்.

மறுகரை என்றால் எங்கள் கரை. அப்படி வந்தவர்களில் ஒருவரிடம் பாடம் கேட்ட சோழநாட்டுத் துறவி சங்கமித்திரர். குருவுக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. கடல் தாண்டிப் போய் அதே கோதாபயனின் மகன்களுக்கு ஆசிரியரானார். 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இளையவன் மகாசேனன் அரியணை ஏறியதும், மகாவிகாரை பிக்குகளுக்குச் சோறிடுபவருக்கு நூறு காசு அபராதம் என்று ஆணை போட வைத்தார். படை எதற்கு? திருவோடு காலியானால் போதாதா? பிக்குகள் மலைநாட்டுக்கும் தெற்கே உறுகுணைக்கும் போய்விட்டார்கள். ஒன்பது ஆண்டு மடம் வெறிச்சோடியது. மாளிகையை இடித்து, பெயர்த்ததையெல்லாம் அபயகிரிக்குக் கொண்டுபோனார்கள். வெற்று நிலத்தை உழுது உளுந்து விதைத்ததாகவும் சொல்வார்கள்.

போதி மரத்தைக் கொண்டுவந்தவள் சங்கமித்தை. அதன் நிழலில் இருந்த மடத்தைக் காலிசெய்தவர் சங்கமித்திரர். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே: பிக்கு சங்கத்துக்கு உற்ற துணை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவன் மேகவர்ணாபயன் என்கிற அமைச்சன். மகாவிகாரைக்காகக் கலகம் செய்து படையோடு வந்து எதிரே பாளையம் போட்டான். அன்றிரவு அவனுக்கு நல்ல இறைச்சி உணவு வந்தது. அரசனை விட்டுவிட்டு இதை எப்படித் தின்பது என்று, தனியாளாக எதிரிப் பாளையத்துக்கே எடுத்துக்கொண்டு போனான். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். எதற்காகப் பகைத்தாய் என்று மகாசேனன் கேட்டான். மடத்தை அழித்தீர்களே என்றான் இவன். திரும்பக் கட்டித் தருகிறேன் என்று அரசன் இறங்கி வந்தான். இரு மடத்துப் பண்டிதர்களும் வாதாடித் தீர்க்காததை ஒரு வேளைச் சாப்பாடு தீர்த்தது. சங்கமித்திரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அரசி ஒருத்தி தச்சன் ஒருவனை ஏவி அவரைக் கொன்றுவிட்டாள்.

இத்தனையும் இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்வது. எழுதியவர் மகாவிகாரை பிக்கு. சங்கமித்திரரை அவர் நல்லவிதமாக எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. 1165இல் மன்னன் பராக்கிரமபாகு எல்லா மடங்களையும் மகாவிகாரை மரபுக்குள் அடக்கியபோது, அபயகிரியார் இளந்துறவிகளாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைப் பக்தியோடு கேட்டு வளர்ந்த சைவன் நான். பௌத்தர்களைப் பார்த்து உச்சுக்கொட்ட எனக்கு என்ன தகுதி?

பிற்பகல் ஆட்டோவில் அபயகிரி போனேன். கூட்டம் இங்கே பாதிகூட இல்லை. இரட்டைக் குளத்தின் படியில் காலை நனைத்தபோதுதான் உயிர் வந்தது. சீன யாத்திரிகர் பாகியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபோது அபயகிரியில் 5,000 பிக்குகள், மகாவிகாரையில் 3,000 பேர் என்று கணக்கு எழுதியிருக்கிறார். இங்கிருந்த பச்சைக்கல் புத்தர் முன்னே யாரோ ஒரு வணிகன் படைத்த வெள்ளைப் பட்டு விசிறியைக் கண்டதும், தன் நாட்டு நினைவு வந்து அழுதாராம். அந்தப் புத்தர் இப்போது இல்லை.

கடைசியாக ஜேதவனம். மகாசேனன் சமாதானமான பிறகும் சும்மா இருக்கவில்லை. மகாவிகாரையின் எதிர்ப்பை மீறி அதன் நிலத்திலேயே இந்தத் தாதுகோபத்தை, அதாவது ஸ்தூபியை, எழுப்பத் தொடங்கினான். ஒரு காலத்தில் 122 மீட்டர் உயரம், அத்தனையும் செங்கல். ஊர்ச்சனங்கள் அவனை மதவிரோதியாக நினைக்கவில்லை; மின்னேரியாக் குளத்தை வெட்டியதற்காகத் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள். 1980களில் இந்த வளாகத்தைத் தோண்டியபோது பொன்னேடுகள் கிடைத்தன. அவற்றில் இருந்தது பிரஜ்ஞாபாரமிதை, மகாயான நூல். மகாவிகாரைக்காரர்கள் வைதுல்யம் என்று தள்ளிய வகை. ஓலையில் எழுதியிருந்தால் எப்போதோ போயிருக்கும்.

வலம்வந்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. பஸ் நிலையத்தில் ஒரு பையன் வடைக் கூடையோடு ஏறினான். சிங்களத்திலும் அதற்கு 'உளுந்து வடே' என்றுதான் பெயர். பசி. மூன்று வாங்கிக்கொண்டேன்.