தனி ஆளுக்கு ஒரு வீடு: திருகோணமலையில் எந்தப் பக்கம்?

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. அம்மா இருந்த வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். திருகோணமலைத் தமிழ்க் குடும்பங்களில் இன்றைக்கும் பெரும்பாலும் இதுதான் வழக்கம். ஆனால் அந்த வீடு கலியாணத்தோடு சேர்ந்துதான் வரும். கலியாணம் செய்யாத பெண்ணுக்கு வீடு எப்போது, யார் கொடுப்பது என்று யாரும் யோசித்து வைப்பதில்லை.

நான் மூத்தவள், வைத்தியசாலையில் தாதி. அம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து ஒரு தங்கச்சிக்குப் பழைய வீட்டையும் மற்றவளுக்குப் புதிதாகக் கட்டிய வீட்டையும் கொடுத்தோம். அதில் என் சம்பளமும் இருக்கிறது, சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். நாற்பதை நெருங்கியபோது எனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக வந்துவிட்டது. பெரியம்மா கேட்டார், "உனக்கெதுக்குப் பிள்ள தனி வீடு? நாங்க எல்லாரும் இருக்கம்தானே?" அவர் அன்பாகத்தான் கேட்டார். நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் வீட்டில் படுத்துத் தூங்கிப் பார்த்தவர்களுக்கு என் காரணம் புரியும்.

எந்தப் பக்கம் வாங்கலாம் என்று கேட்டபோது எல்லோரும் சொன்னது ஒரு குடும்பத்துக்கான பதில். நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேணும், சொந்தக்காரர் பக்கத்தில் இருக்க வேணும், பின்னாளில் இன்னொரு வீடு கட்ட வளவு பெரிதாக இருக்க வேணும். இவை தப்பான யோசனைகள் இல்லை. ஆனால் நான் தனியாக இருக்கப் போகிறவள். என் கேள்விகள் வேறு. மாலை டியூட்டி ஏழு மணிக்கு முடிந்தால் எப்படி வீட்டுக்கு வருவேன்? இரவு முழுக்க வீடு பூட்டிக் கிடந்தால் யார் கவனிப்பார்கள்? இரண்டு நாள் நான் வெளியே தலைகாட்டாவிட்டால் கதவைத் தட்ட ஆள் உண்டா? கடனை ஒரே சம்பளத்தில் கட்ட முடியுமா? இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன்.

பட்டணத்துக்குள் வாங்க முடிந்தால் யோசிக்கவே தேவையில்லை, வைத்தியசாலைக்கு நடந்தே போகலாம். ஆனால் திருக்கடலூர், டைக் வீதிப் பக்கம் விற்பனைக்கு வருவது குறைவு. வந்தாலும் நாலைந்து பேர்ச் நிலத்தில் ஒட்டிக் கட்டிய பழைய வீடு, அதிலும் பல பேருக்குப் பங்கு. உவர்மலை எனக்குப் பிடித்த இடம். மேடு, அமைதி, நல்ல காற்று. அரசாங்கக் கந்தோர்களும் குவார்ட்டர்ஸும் நிறைந்த பகுதி என்பதால் உறுதிக் காணி, அதாவது சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணி, விற்பனைக்கு வருவது அரிது. ஒரு முறை வந்தது, விலையைக் கேட்டதோடு விட்டுவிட்டேன்.

கூட வேலை செய்யும் ஒரு முஸ்லிம் சிஸ்டர் கிண்ணியாவுக்கு வரச் சொன்னார். 2009இல் பாலம் திறந்தபிறகு, பாதை என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறுவதற்காகக் கரையில் காத்திருந்த காலம் போய்விட்டது. பட்டணத்தில் வேலை செய்யும் எத்தனையோ பேர் அங்கிருந்து தினமும் வந்து போகிறார்கள். நல்ல மனதோடு கூப்பிட்டார். ஆனால் இரவு அழைப்பு வந்தால் அத்தனை தூரம் ஸ்கூட்டியில் ஓட எனக்குத் தைரியம் வரவில்லை. நிலாவெளியும் அப்படித்தான், பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர். சாம்பல்தீவில் விலை கட்டுப்படியாக இருந்தது, சனங்களும் அன்பானவர்கள். பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் பாதையை இரவில் ஒரு தடவை பார்த்தேன், அதோடு முடிவு செய்துவிட்டேன்.

உப்புவெளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனியாக வாங்க நினைப்பவர்கள் பலருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். பட்டணத்துக்குக் கிட்ட, கடல், கடைகள், வெளிச்சம், நல்ல வீதி. அலஸ்தோட்டத்தில் ஒரு வளவைக் கண்டபோது நானும் மனதுக்குள் வீடு கட்டத் தொடங்கிவிட்டேன். பகலில் பார்த்த அந்த ஒழுங்கையை மாரியில் போய்ப் பார்த்தேன். அங்கே சுற்றுலாக் காலம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான். அதன் பிறகு வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிடும், விருந்தினர் விடுதிகளை அடைத்துவிடுவார்கள். அந்த ஒழுங்கையில் இரண்டு பக்கமும் விடுதிகள்; மாரியில் ஒரு வீட்டில்கூட விளக்கு இல்லை. குடும்பமாக இருந்தால் அது பெரிய விஷயமில்லை. எனக்கு அது வருடத்தில் பாதி நாள் அயலவர் இல்லாத வீடு.

கடற்கரைக் காணிக்கு வேறு சட்டமும் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று சொன்னார்கள், பின்னர் தளர்த்தினார்கள். "எல்லாரும் கட்டியிருக்காங்கதானே தங்கச்சி" என்றார் தரகர். எல்லோரும் கட்டியிருப்பது எனக்கு அனுமதிப் பத்திரம் ஆகாது.

தண்ணீரையும் கோடையில் பார்க்க வேண்டும். கடலுக்குக் கிட்ட உள்ள கிணறுகள் மாரியில் நன்னீர் போல இருக்கும், ஆவணி புரட்டாதியில் சவர் ஏறிவிடும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிற இடமானால் கவலை குறைவு. ஆனால் குழாய் பிரதான வீதியில் போவது வேறு, உங்கள் ஒழுங்கைக்குள் வருவது வேறு. மீற்றரைக் கண்ணால் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்றும் கேளுங்கள்.

அலஸ்தோட்டத்து வளவு கடைசியில் கைவிட்டுப் போனதற்குக் காரணம் அதன் உறுதிப் பத்திரம். உரிமையாளர்கள் சகோதரர்கள், ஒருவர் கனடாவில், ஒருவர் தமிழ்நாட்டில், ஒருவர் இங்கே. விற்க வந்தவரிடம் ஒரு சகோதரர் கொடுத்த அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், மட்டும் இருந்தது. போர்க்காலத்தில் இங்கிருந்து கடல் கடந்து போன குடும்பங்கள் அதிகம். அதனால் நம் ஊரில் இப்படிப் பாதிக் கையெழுத்தோடு நிற்கும் காணிகள் நிறையவே உண்டு. அந்தக் குடும்பங்கள் மேல் எனக்குக் குறையில்லை, அவர்கள் பட்ட பாடு பெரிது. ஆனால் பங்கு பிரிக்காத காணியை வாங்கிவிட்டு வழக்குக்கு அலைய என்னிடம் இரண்டாவது ஆள் இல்லை. பெர்மிட் காணியும் அதே மாதிரி. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. "பெர்மிட்டை உங்க பேருக்கு மாத்தித் தரலாம்" என்று வாயால் சொல்வதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். விலை பாதியாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது உறுதியா பெர்மிட்டா என்பதுதான்.

இப்படிச் சுற்றிவிட்டுத்தான் பாலையூற்றுப் பக்கம் பார்க்கத் தொடங்கினேன். முதலில் எனக்கு அங்கே பெரிய விருப்பம் இல்லை. கடல் இல்லை, மேடு இல்லை, வீடுகள் நெருக்கம். லூர்து அன்னை திருத்தலத்துக்குப் போய் வந்த இடம் என்பதைத் தவிர எனக்கு அந்தப் பக்கம் பழக்கமே இல்லை. ஆனால் என் நாலு கேள்விக்கும் அங்கேதான் பதில் இருந்தது. பிரதான வீதியில் பஸ் ஓடுகிறது. இரவு ஒன்பது மணிக்கும் கடை திறந்திருக்கிறது, ஓட்டோ நிற்கிறது. வீடுகள் நெருக்கமாக இருப்பது தனி ஆளுக்குக் குறையில்லை, அதுதான் காவல்.

அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. நல்ல ஒரு வீட்டை விட்டேன், காரணம் பின்பக்கத்தில் தச்சுப் பட்டறை. காலை எட்டு மணிக்கு மெசின் தொடங்கினால் நைட் டியூட்டி முடிந்து வந்தவளுக்குத் தூக்கம் ஏது? நான் தூங்கும் நேரத்தில், அதாவது வேலை நாளில் காலை பத்து மணிக்கு, அங்கே நின்று பார்த்ததால்தான் தெரிந்தது. உங்கள் வேலை நேரம் எதுவோ அந்த நேரத்தில் போய் நில்லுங்கள். தரகர் கூட்டிக்கொண்டு போகும் நேரம் அவருக்கு வசதியான நேரம்.

கடைசியாக எடுத்தது பத்துப் பேர்ச்சில் ஒரு பழைய வீடு. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, கிணறு, குழாய்த் தண்ணீர். மேற்கே ஒரு பெரிய வேம்பு. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் அந்த வேம்பு என்ன செய்யும் என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை அடித்துப் பெய்த ஒரு கார்த்திகை நாளில் போய்ப் பார்த்தேன், ஒழுங்கையில் கணுக்காலளவு தண்ணீர், வளவுக்குள் ஏறவில்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். நான் கேற்றடியில் நிற்பதைக் கண்டு அவரே வந்து, "யார் மகள், யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது. யாரென்று தெரியாத ஆள் வந்து நின்றால் கேட்கிற ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

அப்புறம் காசு. நான் தேடத் தொடங்கிய காலத்தில் வட்டி தலைக்கு மேல். 2023 மார்ச்சில் மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் துணைநில் கடன் வீதமே 16.5 சதவீதம். அந்த வட்டிக்கு ஒரே சம்பளத்தில் கடன் எடுப்பதை நினைக்கவும் முடியாது. பொறுத்திருந்தேன். 2024 நவம்பரில் கொள்கை வீதம் 8 சதவீதத்துக்கு வந்தது, வங்கிகளும் இறக்கின. ஒரு வங்கியில் விண்ணப்பம் கேட்கப் போனபோது முதல் கேள்வியே, "ஹஸ்பண்டின் சம்பளச் சிட்டை கொண்டு வந்தீங்களா?" மனம் சுருங்கியது உண்மை. அடுத்த வங்கியில் என் சம்பளத்தை மட்டும் வைத்தே கணக்குப் போட்டுத் தந்தார்கள். ஒரு இடத்தில் சொன்னதை முடிவாக எடுக்காமல் இன்னொரு இடத்திலும் கேளுங்கள். தவணை எவ்வளவு கட்டலாம் என்பதை ஓவர்டைம் சேர்க்காமல் அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தேன். ஓவர்டைம் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு நிறுத்துவார்கள், அப்போது தவணைக்குக் கைகொடுக்க வேறு சம்பளம் வீட்டில் இல்லை.

வங்கி 30 வருட உறுதித் தொடரைக் கேட்கும். உறுதி எழுதும் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தோம்பை, அதாவது காணிப் பதிவேட்டை, பார்த்து, அடமானம், வழக்கு எதுவும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். விற்பவர் கொண்டு வருகிற நொத்தாரிசிடம் விடாமல் நமக்கென்று ஒருவரைப் பிடிப்பது முக்கியம். என் காணியில் தேடியபோது, ஒழுங்கையின் உள்பகுதி ஒரு தனியார் பாதை என்று தெரிந்தது. பாதை உரிமை உறுதியிலும் நில அளவைப் படத்திலும் எழுதப்பட்டிருந்ததால் தப்பியது. அது இல்லாவிட்டால் பிறகொரு நாள் யாராவது வேலி போட்டால் என் கேற்றுக்கு வழி இராது. நில அளவையாளரை வைத்து எல்லைக்கல்லையும் காட்டச் சொன்னேன். பக்கத்து வளவுக்காரர்களும் வந்து நின்று பார்த்தார்கள், பிற்பாடு பேச்சு வராது.

முத்திரை வரியைக் கடைசி நேரத்தில் கேட்டுத் திடுக்கிடுபவர்கள் பலர். பெறுமதியின் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 50 இலட்சத்து ஆதனமானால் 199,000 ரூபாய். வங்கிக் கடன் இதற்கு வராது, கையில் இருக்க வேண்டும். நொத்தாரிசுக் கூலி, அளவைக் கூலி எல்லாம் தனி.

இன்னொரு காரியம், தனி ஆட்கள் தள்ளிப்போடும் காரியம், மரண சாசனம். கடனுக்குக் காப்புறுதி எடுத்ததால் எனக்கு ஏதும் ஆனால் கடன் தங்கச்சிமார் தலையில் விழாது. ஆனால் வீடு? எழுதி வைக்காமல் போனால் சட்டப்படி பெற்றோருக்கு, அவர்கள் இல்லாவிட்டால் சகோதரங்களுக்கு. இரண்டு தங்கச்சிமாரும் நல்லவர்கள், ஆனால் பங்கு பிரிக்காத காணி என்ன செய்யும் என்பதை அலஸ்தோட்டத்தில் பார்த்தவள் நான். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினேன். நொத்தாரிசு இல்லாமல் எழுதுவதென்றால் ஐந்து சாட்சி வேண்டும். வீட்டை என் பெறாமகள் ஒருத்திக்கு எழுதியிருக்கிறேன், இரண்டு தங்கச்சிமாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சின்னவள் கொஞ்சம் அழுதாள், சாவைப் பற்றி ஏன் இப்போது பேசுகிறாய் என்று. பெரியம்மா மட்டும், "நல்ல வேலை செய்தாய் பிள்ள" என்றார்.

உறுதி பதிந்து வந்ததும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலை வரிப் பதிவிலும், மின்சாரம், தண்ணீர்க் கணக்கிலும் பெயரை மாற்ற வேண்டும். பதிந்த உறுதியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, பழைய உரிமையாளரின் கடைசிப் பற்றுச்சீட்டு மூன்றையும் கொண்டு போங்கள். நிலுவை ஏதும் இருந்தால் மிச்சக் காசைக் கொடுக்கும் முன்னரே விற்பவரைக் கட்டச் சொல்லுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. கிராம சேவகரிடமும் போய், இந்த வீட்டில் இனி நான் இருக்கிறேன் என்று பதிந்து, வாக்காளர் இடாப்புக்கும் விலாசத்தை மாற்றிக்கொண்டேன்.