முன் பிரேக்கும் முழுக் குடும்பமும்

பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தால், அது பிடித்த இடத்தில் நிற்க வேண்டும். என் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் லீவருக்கு ஒரு நாள் இந்த அடிப்படைக் கடமை மறந்துவிட்டது. சிக்னலில் ஒரே சீராக அழுத்திக்கொண்டு நின்றபோது, அது எந்தச் சத்தமும் இல்லாமல் அங்குலம் அங்குலமாக இறங்கிக் கைப்பிடியின் ரப்பரைத் தொட்டுவிட்டது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால், தனக்கும் அந்தச் சம்பவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிற தோரணையில் விறைப்பாக நின்றது. பின் பிரேக்கின் துணையோடு வண்டியை வீட்டுக்கு உருட்டிவந்து நிறுத்திவிட்டு, சாவியை எடுத்து உள்ளே வைத்தேன்.

எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. கைப்பிடியருகே இருக்கும் ஆயில் தொட்டியின் கண்ணாடிச் சாளரத்தில் ஆயில் அளவும் குறையவில்லை. குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் லீவர் தொடக்கத்திலிருந்தே மெத்தென்று அமுங்கும், நாலு தடவை அடித்தால் கெட்டிப்படும். ஆயில் வெளியே கசிந்தால் தரையோ டிஸ்க்கோ காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் இல்லாமல் லீவர் தானாக இறங்குகிறது என்றால், கைப்பிடியில் லீவரோடு சேர்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனின் முன்னால் இருக்கும் பிரைமரி கப் என்னும் ரப்பர் வளையம் தேய்ந்து, சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை நோக்கித் தள்ள வேண்டிய ஆயிலைத் தன் விளிம்போரமாகப் பின்பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். கைக்கு ஏதாவது கிடைத்ததும் ஆளை உள்ளே விட்டுவிடும் வாயிற்காவலனின் நிலைதான் அதற்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் கதவு பூட்டியே தெரியும். புதிய பிஸ்டன், கப், ஸ்பிரிங், சர்க்லிப், தூசி ரப்பர் எல்லாம் அடங்கிய கிட்டை, வண்டியின் மாடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கி, வீட்டிலேயே மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

முடிவை வீட்டில் அறிவித்தபோது முதல் கேள்வி அம்மாவிடமிருந்து வந்தது.

“ஏம்ப்பா, சக்கரத்துல பிரேக் பிடிக்கலைன்னா கைப்பிடியை எதுக்குக் கழட்டுற?”

நியாயமான கேள்விதான். பதினேழாம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் கண்டு சொன்ன விதியை அம்மாவுக்கு விளக்கத் தொடங்கினேன். மூடிய பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவுகிறது. என் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர், கீழே காலிப்பரில் 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்கள் இரண்டு. பரப்பளவைக் கணக்கிட்டால் கீழே இருப்பது மேலே இருப்பதைப்போல் ஒன்பது மடங்கு. ஆகவே மேலே கொடுக்கும் விசை கீழே ஒன்பது மடங்காகிறது. அதற்கு விலையாக மேலே பிஸ்டன் ஒன்பது மில்லிமீட்டர் நகர்ந்தால் கீழே ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப சக்கரத்துல ஒண்ணும் இல்லையா?” என்றார். இல்லை என்றேன். “அதை மொதல்லயே சொல்லலாம்ல” என்று எழுந்து போய்விட்டார்.

அந்த விடுமுறை நாளில் என் மனைவியின் அண்ணனும் வந்திருந்தார். மச்சானுக்கு இயந்திரங்களின் மேல் அளவற்ற பற்று உண்டு; ஆனால் அந்தப் பற்று அறிவுரை வடிவத்தில் மட்டுமே வெளிப்படும். நான் பழைய துணிகளைப் பெட்ரோல் டேங்கின் மேல் விரித்துக்கொண்டிருந்தபோதே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார். துணியை ஏன் விரிக்கிறேன் என்று அவர் கேட்டதற்கு, பிரேக் ஆயில் பெயின்ட்டின் மேல் பட்டால் பெயின்ட்டையே கிளப்பிவிடும் என்றும், பட்டுவிட்டால் துடைப்பதைவிட உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே சரி என்றும், அதற்காகத்தான் பக்கத்தில் வாளி இருக்கிறது என்றும் விளக்கினேன். வாளியை அவர் ஒரு பார்வை பார்த்தார். அந்த வாளி பின்னால் அவருக்கே பயன்படப் போகிறது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஆயில் தொட்டியின் மேல்மூடித் திருகுகள் தனிக் கவனத்துக்கு உரியவை. அவை மென்மையான உலோகத்தாலான சின்னஞ்சிறு திருகுகள். பல வருட ஈரத்தில் இறுகிப்போயிருக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்குரூ டிரைவரை வைத்து ஒருமுறை வழுக்கவிட்டால் தலை மழுங்கிவிடும், அதன்பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரைத் தலையில் நேராக நிறுத்தி, மேலே சுத்தியலால் லேசாக இரண்டு தட்டுத் தட்டி, அழுத்தம் குறையாமல் திருப்பியதில் இரண்டும் கழன்று வந்தன. மூடிக்குக் கீழே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் சவ்வு. ஆயில் இறங்க இறங்கத் தானும் விரிந்து இறங்கி, வெளிக்காற்று ஆயிலைத் தொடாமல் காப்பது அதன் வேலை. உள்ளே இருந்த ஆயில், வாங்கும்போது இருந்த இளமஞ்சள் நிறத்தை முற்றிலும் கைவிட்டு, கலங்கிய பழுப்புக்கு மாறியிருந்தது.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் வகையைச் சேர்ந்ததே அல்ல. டாட் என்பது டப்பாவின் மேல் இருக்கும் தரக் குறியீடு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் சார்ந்த திரவங்கள்; காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் பிறவிக்குணம். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, சோதனைக்காக 3.7 சதவீதம் அளவுக்கு ஈரம் ஏற்றிவிட்டால் அந்த வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இடையில் வரும் டாட் 5 மட்டும் சிலிக்கோன். எண்ணிக்கை வரிசையை நம்பி அதை மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது. இந்தப் பெயர் சூட்டியவர்கள் மீது எனக்கு நீண்ட நாள் வருத்தம் உண்டு.

பழைய ஆயிலை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்து, லீவரையும் ஆயில் போகும் ஓஸையும் பிரித்து, சிலிண்டரைத் தனியே மேசைக்குக் கொண்டுவந்தேன். தூசி ரப்பரை நீக்கியதும் உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதற்கு அடியில்தான் சர்க்லிப். இந்த வேலையில் கூட்டம் சேரும் கட்டம் இதுதான். ஸ்பிரிங்கின் அழுத்தத்தை ஒரு சின்னக் கம்பி வளையம் பல வருடங்களாகத் தாங்கி நிற்கிறது. அதைக் கழற்றும் நொடியில் வளையம் ஒரு திசையிலும் பிஸ்டன் இன்னொரு திசையிலும் பறக்கும் என்பது ஊரறிந்த விஷயம். மச்சான் இதை என் மனைவியிடமும் மகளிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், அடுப்படி வேலை நின்று, வீட்டுப்பாடம் நின்று, எல்லோரும் வாசலில் தக்க தூரத்தில் அணிவகுத்துவிட்டார்கள். நானோ சிலிண்டரையும் சர்க்லிப் பிளையரையும் என் இரண்டு கைகளையும் ஒரு பெரிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்துக்கொண்டு, பிஸ்டனை ஒரு மழுங்கிய குச்சியால் உள்ளே அழுத்தியபடி, நீண்ட மூக்குப் பிளையரால் வளையத்தைச் சுருக்கினேன். ‘டிக்’ என்றது. எல்லாம் பைக்குள் விழுந்தன.

“அவ்வளவுதானா?” என்றாள் மகள்.

இவ்வளவு கவனமாக ஒரு காரியத்தைச் செய்து இவ்வளவு பேரை ஏமாற்றிய அனுபவம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. கூட்டம் கலைந்தது, மச்சான் மட்டும் நம்பிக்கை இழக்காமல் அமர்ந்திருந்தார்.

பழைய பிரைமரி கப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். புதிய கப்பின் உதடு கத்தி விளிம்பாகக் கூர்மையாக, வெளிப்பக்கம் சற்றே விரிந்து நிற்கிறது. ஆயிலின் அழுத்தம் கூடக் கூட அந்த உதடு சிலிண்டர் சுவரோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். பழையதில் அந்த விளிம்பு உருண்டு வழவழத்துப் போயிருந்தது. ஒரு பக்கத்தில் மயிரிழை அளவுக்கு நீளவாக்கில் ஒரு கோடு. அவ்வளவுதான் குற்றம். அந்த ஒரு கோட்டின் வழியாகத்தான் சிக்னலில் என் நிம்மதி கசிந்துகொண்டிருந்தது.

அடுத்தது கழுவும் படலம். மச்சானின் காத்திருப்புக்குப் பலன் கிடைத்த படலமும் அதுவே.

“மாப்ள, பெட்ரோல்ல போட்டு அலசுங்க. பளபளன்னு வந்துடும்.”

“வேண்டாம் மச்சான். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எது பட்டாலும் இந்த ரப்பர் ஊதிப்போய்டும்.”

“நாங்கெல்லாம் அந்தக் காலத்துல இன்ஜினையே பெட்ரோல்லதான் கழுவினோம்.”

“இன்ஜின்ல இந்த ரப்பர் இல்லையே மச்சான்.”

அவர் வாதத்தை நிறுத்திவிட்டார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. தர்க்கத்தால் தீராததைச் செய்முறையால் தீர்க்க எண்ணி, எப்படியும் தூக்கி எறியப்போகும் பழைய கப்பை ஒரு சின்னக் கிண்ணியில் பெட்ரோல் ஊற்றி அவர் முன்னாலேயே போட்டு, வாசலில் காற்றோட்டமான மூலையில் மூடி வைத்தேன். நான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சிலிண்டரைக் கழுவிக் காயவைத்து, உட்சுவரில் நகத்தில் தட்டுப்படும் கீறல் ஏதும் இல்லை என்று டார்ச் அடித்து உறுதி செய்துகொண்டேன். கீறலோ அரிப்பள்ளமோ இருந்திருந்தால் கிட் போடுவதில் அர்த்தமே இல்லை. முழு சிலிண்டரையும் மாற்றியாக வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கும் இடம் இது அல்ல.

ஆயில் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். பெரியது எல்லோர் கண்ணிலும் படும். இன்னொன்று குண்டூசி முனை அளவுதான். அதைக் கவனிக்காமல் மூடிவிட்டவர்கள்தாம் ‘கிட் மாற்றியும் சரியாகவில்லை’ என்று புலம்புவார்கள். லீவரை விட்டதும் காலிப்பரிலிருந்து திரும்பும் ஆயில் மீண்டும் தொட்டிக்குப் போகும் வழி அந்தச் சிறு துளைதான். அது அடைபட்டால், ஓட்டத்தில் சூடேறி விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல், யாரும் லீவரைத் தொடாமலேயே பிரேக் தானாகப் பிடிக்கத் தொடங்கிவிடும். மின்கம்பியில் இருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை அதில் விட்டு எடுத்தபோது, ஊறிய அழுக்கு ஒரு துளி கறுப்பாக வெளியே வந்தது.

பொருத்துவது சுருக்கமான வேலை. எல்லாவற்றையும் புதிய ஆயிலில் நனைத்து, கப்பின் உதடு உள்நோக்கி இருக்க, விளிம்பு மடங்காதபடி மெல்லத் திருகித் திருகி உள்ளே இறக்கி, சர்க்லிப்பின் கூரான விளிம்புப் பக்கம் வெளியே இருக்குமாறு அதன் பள்ளத்தில் அமர்த்தினேன். ஓஸ் போல்ட்டின் இரு பக்கமும் புதிய செம்பு வாஷர் போட்டாயிற்று.

காற்றை வெளியேற்றும் வேலைக்குத்தான் முழுக் குடும்பமும் தேவைப்பட்டது. ஒன்பதுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கேதான் பழிவாங்குகிறது: மேலே இருப்பதே சில மில்லிமீட்டர் ஓட்டம்; ஒரு சின்னக் காற்றுக்குமிழி நசுங்குவதற்கே அது செலவாகிவிட்டால் கீழே போய்ச் சேர ஒன்றுமே மிஞ்சாது. மகள் லீவரில், நான் கீழே காலிப்பரில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில், கையில் ஸ்பேனர், நிப்பிளில் மாட்டிய ஒளி ஊடுருவும் குழாயின் மறுமுனை ஆயில் நிறைந்த பாட்டிலுக்குள். நான் ‘பிடி’ என்றால் அவள் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடி, அதற்குப் பிறகே ‘விடு’ என்பேன். மூடுவதற்கு முன் விட்டால் வெளியேறிய காற்று மறுபடி உள்ளே போய்விடும். சில சுற்றுகள் அருமையாக நடந்தன. குமிழிகள் குறைந்துகொண்டே வந்த நல்ல தருணத்தில், உள்ளே கைப்பேசியில் யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த என் மனைவி, “விடு, பார்த்துக்கலாம்” என்றாள். மகள் விட்டுவிட்டாள். பாட்டிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆயில் குழாயில் நின்று, யோசித்து, திரும்பி வந்தது. அதன்பிறகு கட்டளைச் சொற்களை எண்களாக மாற்றினோம். மனைவியின் உரையாடலில் எண்கள் வர வாய்ப்புக் குறைவு என்பது எங்கள் கணிப்பு.

கடைசிக் கட்டம் மேலே. சிலிண்டரின் உள்ளேயே தங்கிவிடும் குமிழிகளை எடுக்க, லீவரை ஒரு விரலால் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் அசைக்க வேண்டும்; அந்தச் சிறு துளையிலிருந்து கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். வேகமாக அழுத்தினால், கப் அந்தத் துளையைக் கடந்து மூடுவதற்குள் ஆயில் அதன் வழியே ஊற்றாகப் பீச்சியடிக்கும். அதனால்தான் மூடியைத் தொட்டியின் மேல் சும்மாவாவது வைத்துக்கொள்ளச் சொல்வது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மச்சான், “குமிழி எங்க வருது?” என்று மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தபடி, தன் கையாலேயே லீவரை ஒரு இழு இழுத்தார்.

மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது அவர் செய்த புண்ணியம். நெற்றியிலும் கண்ணாடியிலும் மீசையிலும் டாட் 4 வழிய நின்றவரை வாளித் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டோம். “அடுத்த சட்டையையும் நனைச்சுடாதீங்க” என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். துடைத்துக்கொண்டு வந்தவருக்குப் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. கிண்ணியைத் திறந்து பழைய கப்பை எடுத்தார். அது தன் பழைய உருவத்தை மீறிப் புடைத்துத் தளர்ந்திருந்தது. புதிய கிட்டோடு வந்த படத்தின் அருகே வைத்து ஒருமுறை பார்த்தார். “இப்ப வர்ற ரப்பரெல்லாம் தரமில்ல மாப்ள” என்றார்.

இரவு லீவரை இழுத்து ஒரு பட்டையால் கைப்பிடியோடு கட்டிவைத்தேன். அழுத்தத்தில் சுருங்கும் நுண்குமிழிகள் சுவரை விட்டு நகர்ந்து, காலையில் லீவரை விட்டதும் தொட்டிக்கு ஏறிவிடும். காலையில் கட்டை அவிழ்த்து அழுத்தினால், லீவர் பாதி வழியில் கல்லாக நின்றது. ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு பிடித்தும் அசையவில்லை. பிரேக் விளக்கு எரிகிறதா, விட்டதும் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, போல்ட்டைச் சுற்றி ஈரம் உண்டா என்று பார்த்துவிட்டு, ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் தொடங்கிப் பலமுறை நிறுத்திப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது மச்சான் நாற்காலியைப் பின் சக்கரத்தின் அருகே நகர்த்திப் போட்டிருந்தார்.

“பின் பிரேக் எப்ப பிரிக்கிறோம்?”

“அது டிரம் பிரேக் மச்சான். வெறும் இரும்புக் கம்பிதான் இழுக்கும். ஆயில் கிடையாது, காற்று எடுக்கிற வேலையும் கிடையாது.”

சற்று நேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்ப அதுல நான் வந்து என்ன பண்றது?” என்று எழுந்து உள்ளே போனார்.