மாங்காய்ப் பெட்டிக்குள் பச்சை மண்டலம்

கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய்ப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த பழைய பேப்பர். 2020 மே மாதத்தது. மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த இடம் போக, "பச்சை மண்டலம்" மட்டும் தெரிகிறது.

கொரோனா தொற்றை வைத்து மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எனப் பிரித்து மத்திய அரசு போட்ட பட்டியலில் அப்போது தமிழ்நாட்டில் பச்சையாக இருந்த ஒரே மாவட்டம் இதுதான்.

ஆன்லைனில் இதழியல் பாடம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல தாள் கிடைக்காது. பச்சை என்றால் அதுவரை தொற்று பதிவாகவில்லை, அல்லது கடைசி 21 நாளில் புதிதாக யாருக்கும் இல்லை. அவ்வளவுதான்.

எத்தனை பேருக்குச் சோதனை செய்தார்கள்? செய்தியில் முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். 500 சோதனையில் 10 பேர் என்றால் 2 சதவீதம். 100 சோதனையில் 10 பேர் என்றால் 10 சதவீதம். தலைப்பு மட்டும் இரண்டுக்கும் "10 பேருக்குத் தொற்று"தான்!

இதே மாவட்டத்தின் அஞ்செட்டி, தளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீடியோ வகுப்பு பாதியிலேயே சுற்ற ஆரம்பித்துவிடும். பேப்பரைப் படமெடுத்து, 10 நிமிடக் குரல் பதிவோடு முந்தைய இரவே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். நொடிக்கு 32 கிலோபிட் தரத்தில் பதிந்தால் 2.4 எம்பிதான் வரும். நேரலை கேள்விக்கு மட்டும், அதுவும் கேமராவை அணைத்துவிட்டு.

படத்தில் தேதியும் பதிப்பு ஊரும் விழ வேண்டும். அதை வெட்டிவிட்டுத்தான் பழைய செய்தியைப் புதுசாகச் சுற்ற விடுகிறார்கள்.